மண்புழு செத்தால் மருந்தாகிவிடுமா?

அன்புள்ள ஐயா,

வியாசர்பாடியில் வசிக்கிறேன். பார்மசி படிக்கும் என் மகள் கல்லூரியில் குப்பைமேனிச் சாற்றில் மண்புழுக்களை விட்டுச் சோதித்தாள். பூச்சி மாத்திரையில் உள்ள அல்பெண்டசோல் மருந்தில் விட்டவற்றைவிட அவை சீக்கிரம் செத்தனவாம். அப்படியானால் என் இளைய மகனுக்குப் பள்ளியில் தரும் பூச்சி மாத்திரைக்குப் பதிலாக இலைச்சாறே கொடுக்கலாமா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

கொடுக்க வேண்டாம்.

குடலில் வாழும் உருளைப்புழுவோடு உடலமைப்பில் ஒப்புமை உண்டு என்ற எண்ணத்தில், எளிதாகக் கிடைக்கும் மண்புழுவைக் கண்ணாடித் தட்டில் விட்டு, அது எத்தனை நிமிடத்தில் அசைவற்றுப் போகிறது, எத்தனை நிமிடத்தில் சாகிறது என்று குறித்துக்கொள்வது நம் கல்லூரிகளில் நெடுநாளாக நடக்கும் சோதனை. ஆனால் மண்புழு ஈரத்தோலால் மூச்சுவிடுவது. குடற்புழுவோ செரிமானச் சாற்றையே தாங்கும் தடித்த உறை போர்த்தது. மழை விட்டதும் வாசலில் நெளியும் மண்புழுவின்மேல் ஒரு சிட்டிகை உப்பைத் தூவினால் துடித்துச் சுருண்டு சாகிறது; உப்பைப் பூச்சி மருந்து என்று யாரும் சொல்வதில்லை.

இலைச்சாறு முந்தியதிலும் வியப்பில்லை. அல்பெண்டசோல் புழுவின் டியூபுலின் புரதத்தைப் பற்றிக்கொண்டு, குளுக்கோஸை உறிஞ்சவிடாமல் செய்து, நாட்கணக்கில் பட்டினி போட்டுக் கொல்லும் மருந்து. நிமிடப் பந்தயத்தில் அது தோற்கத்தான் செய்யும். ஆட்டின் இரைப்பையில் இரத்தம் உறிஞ்சும் ஹீமாங்கஸ் புழுவின் முட்டை அந்தச் சாற்றில் பொரிக்கிறதா, சாறு குடித்த ஆட்டின் புழுக்கையில் முட்டைகள் எவ்வளவு குறைகின்றன என்று பார்த்திருந்தால் பேச இடமுண்டு.

மூலிகையை நான் இழிவாகச் சொல்லவில்லை. ஆர்ட்டிமிசியா சினா செடியிலிருந்து எடுத்த சாண்டோனின் ஒரு காலத்தில் உருளைப்புழுவுக்குப் பரவலாகக் கொடுக்கப்பட்டது. பார்ப்பதெல்லாம் மஞ்சளாகத் தெரியவைக்கும் அதன் நச்சுத்தன்மையால் வழக்கொழிந்தது. பூச்சிக்குப் பேர்போன ஆடுதின்னாப்பாளையில் சிறுநீரகத்தைக் கெடுத்துப் புற்றுநோயையும் உண்டாக்கும் அரிஸ்டோலோகிக் அமிலம் இருக்கிறது. உங்கள் குப்பைமேனியும் ஜி6பிடி என்ற நொதி குறைந்த பிள்ளைகளுக்கு இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடும். அந்தக் குறை இருப்பது பரிசோதிக்காமல் தெரியவராது.

சாக்கடையும் தெருவும் ஒன்றாகும் மழைநாளில் உங்கள் மகன் வெறுங்காலோடுதான் விளையாடுவான். கொக்கிப்புழுவின் குஞ்சு மண்ணிலிருந்து பாதத்தோலைத் துளைத்தே உள்ளே போகிறது. பிப்ரவரி 10, ஆகஸ்டு 10 என வரும் குடற்புழு நீக்க நாட்களில் தரும் 400 மில்லிகிராம் மாத்திரையை நன்றாக மென்று விழுங்கச் சொல்லுங்கள். செருப்பும் வாங்கிக் கொடுங்கள்.

மகளிடம் அடுத்த முறை எலுமிச்சைச் சாறு ஊற்றிய தட்டொன்றையும் பக்கத்தில் வைத்து, அதில் எத்தனை நிமிடம் ஆகிறது என்று குறிக்கச் சொல்லுங்கள்.