முத்துலட்சுமி ரெட்டியைக் குழந்தைகளுக்கு எப்படிச் சொல்வது? கேள்வி பதில்

பள்ளி நூலகத்தில் முப்பது ஆண்டுகள் இருந்தவள் நான். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியைப் பற்றிச் சிறுவர்களுக்காக எழுதப்பட்ட நூல்களைக் கண்ட இடத்தில் எல்லாம் வாங்கிப் படிப்பேன், ஓரத்தில் பென்சிலால் திருத்துவேன். அவருடைய பிறந்தநாளான ஜூலை 30 நெருங்குவதால் கேள்விகள் நிறைய வந்திருக்கின்றன. வந்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன்.

தஞ்சாவூரிலிருந்து ஓர் ஆசிரியை: நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இவர் கதையை எங்கிருந்து தொடங்கலாம், டீச்சர்?

பிறந்த தேதியிலிருந்து வேண்டாம். புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியின் வாசலில் தொடங்குங்கள். ஆண்கள் மட்டுமே படித்த கல்லூரி அது. ஒரு பெண் உள்ளே வந்தால் பையன்கள் கெட்டுவிடுவார்கள் என்று எதிர்ப்பு எழுகிறது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் இசைவு தந்த பிறகே முத்துலட்சுமியால் சேர முடிகிறது. "உன்னைச் சேர்த்துக்கொள்ள மாட்டோம்" என்பதன் வலி ஒன்பது வயதுப் பிள்ளைக்கு நன்றாகத் தெரியும். விளையாட்டில் தினமும் யாரோ ஒருவரை ஒதுக்குகிறார்கள் அல்லவா? அந்த வலியைப் பிடித்துக்கொண்டால் பிள்ளைகள் உங்கள் பின்னாலேயே வருவார்கள். 1886 என்ற ஆண்டைப் பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

மதுரையிலிருந்து ஒரு கல்லூரி மாணவி: இந்தியாவின் முதல் பெண் மருத்துவர் என்று அட்டையிலேயே போட்டிருக்கிறார்களே, சரிதானே?

சரியில்லை. நான் அதிகம் அழித்துத் திருத்திய வரி இதுதான். ஆனந்திபாய் ஜோஷி அமெரிக்காவின் பிலடெல்பியாவில் மருத்துவப் பட்டம் பெற்றது 1886-இல். அது முத்துலட்சுமி பிறந்த ஆண்டு. அதே ஆண்டில் கொல்கத்தாவில் காதம்பினி கங்குலியும் மருத்துவராகிவிட்டார். முத்துலட்சுமி சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தது 1907-இல், தேறியது 1912-இல். அந்தக் கல்லூரியின் முதல் மாணவி என்றும் சொல்ல முடியாது. 1875-லேயே மேரி ஷார்லீப் உள்ளிட்ட நான்கு பெண்களை அங்கே சேர்த்திருக்கிறார்கள்.

அவருக்கு உரிய "முதல்" சட்டமன்றத்தில் இருக்கிறது. 1926-இல் சென்னை மாகாணச் சட்டமன்றத்துக்கு நியமிக்கப்பட்டார். பிரிட்டிஷ் இந்தியாவில் சட்டமன்ற உறுப்பினரான முதல் பெண் அவர்தான். மறு ஆண்டு அந்த அவையே அவரைத் துணைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. "பிரிட்டிஷ் இந்தியாவில்" என்ற சொல்லை மட்டும் விட்டுவிடாதீர்கள். சமஸ்தானமாக இருந்த திருவிதாங்கூரில் டாக்டர் மேரி புன்னன் லூக்கோஸ் அதற்கு முன்பே உறுப்பினராகிவிட்டார். பொய்யான ஒரு "முதல்" இன்னொரு பெண்ணின் உழைப்பை அழித்துவிட்டுத்தான் நிற்கிறது. எனக்குக் கோபம் வருவது அதனால்தான்.

ஒரு தாய்: மகளுக்குப் பேச்சுப் போட்டி. மூன்று நிமிடப் பேச்சு எழுதித் தர முடியுமா?

எழுதித் தருவதில்லை, அம்மா. மேலே உள்ள கல்லூரி வாசல் கதையை மகளிடம் சொல்லி, அவளையே எழுதச் சொல்லுங்கள்.

ஓவியர் ஒருவர்: படம் வரையும்போது எதில் கவனமாக இருக்க வேண்டும்?

வயதில். முதிய வயதில் எடுத்த, கண்ணாடி அணிந்த ஒரே புகைப்படத்தைப் பார்த்து எல்லாப் பக்கங்களையும் வரைந்துவிடுகிறார்கள். புதுக்கோட்டையில் படிக்கும் பெண்ணும் பாட்டியாகவே நிற்கிறாள். சிறுமியைச் சிறுமியாக வரையுங்கள்.

திருநெல்வேலியிலிருந்து ஒரு நூலகர்: அவருடைய தாய் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். சிறுவர் நூலில் இதைச் சொல்லலாமா?

கட்டாயம் சொல்ல வேண்டும். "தந்தை நாராயணசாமி ஐயர் கல்லூரி முதல்வர், தாய் சந்திரம்மாள்" என்று ஒரே வரியில் கடந்துபோகும் நூல்கள் என்னிடம் இருக்கின்றன. ஐந்தாறு பக்கம் கழித்து "தேவதாசி முறையை எதிர்த்துப் போராடினார்" என்று வரும்போது, எங்கிருந்தோ வந்த ஒரு நல்ல டாக்டர் யார் மீதோ இரக்கப்பட்டதாகப் பிள்ளை நினைத்துக்கொள்கிறது. தன் தாயின் குலத்துப் பெண்களுக்காக அவர் பேசினார் என்பது எப்படித் தெரியும்?

பத்து வயதுப் பிள்ளைக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: "சில குடும்பங்களில் சிறுமிகளைக் கோயிலுக்கு நேர்ந்துவிட்டுப் பொட்டுக் கட்டுவார்கள். அவர்கள் பாட்டும் ஆட்டமும் நன்றாகக் கற்றுக்கொண்டார்கள். ஆனால் மற்றப் பெண்களைப் போல அவர்கள் திருமணம் செய்துகொள்ள முடியாது. பணம் படைத்த ஆண்கள் பலர் அவர்களைத் தங்கள் விருப்பப்படி நடத்தினார்கள். பொட்டுக் கட்டும்போது அந்தச் சிறுமியை யாரும் கேட்கவில்லை." கடைசி வரி வந்ததும் பிள்ளைகள் அமைதியாகிவிடுவார்கள். எத்தனையோ வகுப்புகளில் பார்த்திருக்கிறேன்.

மூத்த வாசகர் ஒருவர்: மன்னிக்க வேண்டும் அம்மா, இது தேவையற்ற வேலை. பிள்ளைகளுக்கு நல்லதை மட்டும் சொன்னால் போதாதா? தாயின் பிறப்பைத் தோண்டுவது அந்த அம்மையாருக்கே இழுக்கு.

ஐயா, இழுக்கு என்று நீங்கள் சொல்வதைத்தான் அவர் வாழ்நாள் முழுவதும் எதிர்த்தார். தாயை மறைத்தால் அந்த இழுக்கை நாமும் ஒப்புக்கொண்டதாக ஆகும். தேவதாசி மரபோடு தொடர்புடைய இசை வேளாளர் வீட்டுப் பிள்ளை ஒன்று உங்கள் வகுப்பில் உட்கார்ந்து அந்த நூலைப் படிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தன் பாட்டியைப் பேசக்கூடாத ஒருத்தியாக்கிய நூலை அது எப்படி விரும்பும்?

நடனம் கற்கும் ஒருவர்: நீங்களும் பாதிதான் சொல்கிறீர்கள். பொட்டுக் கட்டுவதைத் தடுக்கும் சட்டத்தைத் தேவதாசிகளே எதிர்த்தார்கள். பெங்களூர் நாகரத்தினம்மாள் எதிர்த்தாரே?

உண்மை. அதைச் சொல்லாமல் விட்டது என் பிழை. சென்னையில் தேவதாசிகள் சங்கமாகத் திரண்டு அரசுக்கு மனு கொடுத்தார்கள். திருவையாற்றில் தியாகராஜருக்குச் சமாதிக் கோயில் எழுப்பிய நாகரத்தினம்மாளும் அவர்களில் ஒருவர். எங்கள் கலையும் சொத்தும் உரிமையும் பறிபோகும் என்றார்கள். அந்த அச்சத்துக்குக் காரணம் இருந்தது. இன்னொரு பக்கம், அதே மரபைச் சேர்ந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் ஊர் ஊராகப் போய் அந்த முறைக்கு எதிராகப் பேசினார், 1936-இல் நாவலும் எழுதினார். ஒரே மரபிலிருந்து மூன்று பெண்கள், மூன்று வழிகள்! பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளிடம் மூவரையும் சேர்த்தே சொல்லுங்கள்.

அதே மூத்த வாசகர்: இப்படி இரு பக்கமும் சொன்னால் பிள்ளை குழம்பாதா?

குழம்பட்டும் ஐயா. என் நூலகத்தில் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி, "அப்படியென்றால் நாகரத்தினம்மாள் கெட்டவரா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "முத்துலட்சுமி தவறா?" என்றாள். அதற்கும் இல்லை என்றேன். மறுநாள் இருவரைப் பற்றியும் வேறு நூல் இருக்கிறதா என்று வந்து நின்றாள்.

என் முடிவையும் மறைக்கவில்லை: சிறுமிக்குப் பொட்டுக் கட்டுவதைத் தடுத்தது சரி. அந்தப் பெண்களின் கலையையும் வாழ்வையும் காக்க அதே அக்கறை காட்டப்பட்டிருக்க வேண்டும்.

கோவையிலிருந்து: இந்தியாவின் முதல் பெண் மருத்துவர் என்று பாடம் எழுதலாமா?

எழுதக்கூடாது. இரண்டாவது பதிலைப் பாருங்கள்.

பயிற்சி ஆசிரியர்: தேவதாசி ஒழிப்புச் சட்டம் 1929-இல் வந்ததா, 1947-இலா?

1929-இல் வந்தது அறநிலையச் சட்டத்துக்கான திருத்தம். கோயில் பணிக்கு ஈடாகத் தேவதாசிகளிடம் இருந்த மானிய நிலங்களை அந்தப் பணியிலிருந்து விடுவித்தது. பொட்டுக் கட்டுவதையே தடுக்கும் மசோதாவை முத்துலட்சுமி 1930-இல் கொண்டுவந்தார். அது சட்டமானது ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் ஆட்சியில், 1947-இல். பல சிறுவர் நூல்கள் எல்லாவற்றையும் ஒரு பத்தியில் அடக்கி, அவர் எழுந்து பேசியதும் கொடுமை ஒழிந்தது என்று முடித்துவிடுகின்றன. இருபது ஆண்டு இழுபறியைப் பிள்ளைகள் அறிய வேண்டும்.

நாடகம் எழுதும் இளைஞர்: தேவதாசி ஒழிப்புக்குக் காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தி காட்டிய எதிர்ப்புக்கு, "அப்படியானால் உங்கள் வீட்டுப் பெண்களை அனுப்புங்கள்" என்று முத்துலட்சுமி திருப்பிக் கேட்ட காட்சியை வைக்கலாமா?

இந்தப் பதிலடியைச் சிலர் முத்துலட்சுமி சொன்னதாகவும் சிலர் மூவலூர் அம்மையார் சொன்னதாகவும் சொல்கிறார்கள். அப்படி இடம் மாறும் வசனத்துக்கு மேற்கோள் குறி போடாதீர்கள். சட்டமன்ற நடவடிக்கைகள் அச்சில் உள்ளன, முத்துலட்சுமி எழுதிய நூலும் இருக்கிறது. அவற்றில் கண்டதை மட்டும் அவர் வாயில் வையுங்கள். மற்றதை "இப்படிச் சொல்வார்கள்" என்று எழுதுங்கள்.

ஒரு வாசகர்: நடிகர் ஜெமினி கணேசன் இவருக்கு உறவா?

ஆம், தந்தை வழியில். அதற்கு மேல் இங்கே வேண்டாம்.

சேலத்திலிருந்து: முதல் பெண் மருத்துவர் இவர்தானே, உறுதிப்படுத்தவும்.

இல்லை, இல்லை, இல்லை. ஆனந்திபாய், காதம்பினி. இனி இந்தக் கேள்விக்குப் பதில் எழுத மாட்டேன்.

ஏழாம் வகுப்பு மாணவி (அப்பாவின் போனிலிருந்து): எங்கள் புத்தகத்தில் அவர் எல்லாவற்றிலும் ஜெயிக்கிறார். அவர் தோற்றதே இல்லையா?

கண்ணே, இன்று வந்தவற்றில் நல்ல கேள்வி இது. தோற்றிருக்கிறார். தங்கை சுந்தராம்பாள் புற்றுநோயால் இறந்தபோது, டாக்டரான அக்காவால் அவரைக் காப்பாற்ற முடியவில்லை. பொட்டுக் கட்டுவதைத் தடுக்கும் மசோதா நிறைவேறும் முன்பே, 1930-இல், காந்தி கைதானதைக் கண்டித்துத் தன் பதவியை விட்டு விலகிவிட்டார். பதினேழு ஆண்டுகள் கழித்து அது சட்டமானபோது அவர் அந்த அவையில் இல்லை.

ஆனால் தங்கையை அவர் மறக்கவில்லை. அவர் முயற்சியால் உருவான அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கு 1952-இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954-இல் அது திறக்கப்பட்டபோது அங்கே இருந்தவை பன்னிரண்டு படுக்கைகள். அப்போது அவருக்கு எத்தனை வயது என்று கணக்குப் போட்டு, உன் புத்தகத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதிக்கொள்.