ஹைட்ரஜன் விமானமும் ‘சில்லறை’ வேலையும் – கடிதம்

வணக்கம் ஐயா,

நான் பட்டர்வொர்த் பெண். கோலாலம்பூரில் விமானப் பொறியியல் இறுதியாண்டு படிக்கிறேன். நீங்கள் எழுதிய கட்டுரைகளைப் படித்துத்தான் ஹைட்ரஜன் விமானங்கள் மீது ஆர்வம் வந்தது. ஆனால் 2035இல் பறக்கவிடுவோம் என்ற ஏர்பஸ் இப்போது தள்ளிப்போட்டுவிட்டது. வீட்டில் மாமா, “அது பறக்கிற வெடிகுண்டு, வேறு ஏதாவது பார்” என்கிறார். இறுதியாண்டு ஆய்வுக்கு ஹைட்ரஜன் எரியறை வடிவமைப்பை எடுக்கலாமா, இல்லை பழைய சமையல் எண்ணெயிலிருந்து வரும் விமான எரிபொருளுக்கு மாறிவிடட்டுமா? எஞ்சின்தான் உண்மையான சவால் என்பது என் எண்ணம். டேங்க், நிரப்பும் குழாய், விமான நிலைய ஏற்பாடு மாதிரியான சில்லறை விஷயங்களை டெக்னீஷியன்கள் பிறகு பார்த்துக்கொள்வார்கள் இல்லையா?

ஒரு மாணவி

அன்புள்ள மகளுக்கு,

‘சில்லறை விஷயங்கள்’ என்று நீ எழுதியதைப் பார்த்ததும் மற்ற கடிதங்களை ஒதுக்கி வைத்துவிட்டு உனக்கு எழுத உட்கார்ந்தேன். சில வாரங்களாக என் மனத்தில் ஓடிக்கொண்டிருப்பது முழுக்க அந்தச் சில்லறைதான்.

முதலில் மாமா. அவர் மனத்தில் இருப்பது 1937இல் எரிந்த ஹிண்டன்பர்க், ஹைட்ரஜன் நிரப்பிய வான்கப்பல். அதில் இருந்த 97 பேரில் 62 பேர் உயிர் தப்பினார்கள். ஜெட் எண்ணெய் கொட்டினால் தரையில் பரவி, நம் காலடியில் எரியும். ஹைட்ரஜன் மேலே ஓடிவிடும். கூரைக்கு அடியில், மூடிய அறையில் தேங்கினால்தான் எமன். இவ்வளவு போதும் அவருக்கு.

எஞ்சின் பற்றியும் நீண்ட பேச்சு வேண்டாம். ஜெர்மனியில் ஃபான் ஓஹைன் 1937இல் ஓட்டிக்காட்டிய முதல் ஜெட் எஞ்சினே ஹைட்ரஜனில்தான் ஓடியது. 1957இல் அமெரிக்கர்கள் ஒரு பி-57 விமானத்தின் ஓர் எஞ்சினை வானத்தில் ஹைட்ரஜனுக்கு மாற்றி ஓட்டினார்கள். 1988 ஏப்ரல் 15 அன்று சோவியத்தின் டியூ-155 தன் மூன்று எஞ்சின்களில் ஒன்றைத் திரவ ஹைட்ரஜனில் ஓட்டிப் பறந்தது. 2022 நவம்பரில் ரோல்ஸ் ராய்ஸ் ஒரு ஏஇ 2100 விமான எஞ்சினைத் தரையில் வைத்து ஹைட்ரஜனில் ஓட்டியது. ஹைட்ரஜன் தீ மிக வேகமாகப் பரவும். எரிபொருள் வரும் துளைக்குள்ளேயே தீ பின்னோக்கி ஏறும். அதனால்தான் ஒரு பெரிய துளைக்குப் பதில் நூற்றுக்கணக்கான சின்னத் துளைகள். காற்றை மாசாக்கும் நைட்ரஜன் ஆக்சைடுகளைக் குறைக்கவும் அதுவே வழி. நல்ல ஆய்வுதான், பலர் செய்துகொண்டும் இருக்கிறார்கள்.

இப்போது சில்லறைக்கு வருகிறேன். கோலாலம்பூர் பக்கம் சுபாங்கிலிருந்து பினாங்குக்கு வரும் ஏடிஆர் 72 விமானத்தை எடுத்துக்கொள். பயணத்துக்கு 600 கிலோ ஜெட் எண்ணெய் என்று வை. ஒரு கிலோ ஜெட் எண்ணெயில் 43 மெகாஜூல் சக்தி, ஒரு கிலோ ஹைட்ரஜனில் 120. ஆக 215 கிலோ ஹைட்ரஜன் போதும். பினாங்கில் மழை கொட்டி, வேறு நிலையத்துக்குத் திரும்ப வேண்டி வந்தால்? அதற்கும் சேர்த்து இரண்டு மடங்காக 430 கிலோ ஏற்று. இதை வாயுவாக, 700 பார் (நம்மைச் சுற்றியுள்ள காற்றழுத்தத்தைப் போல சுமார் 700 மடங்கு) அழுத்தத்தில் சிலிண்டர்களில் அடைத்தால், இன்றைக்குக் கிடைக்கும் நல்ல சிலிண்டரிலும் மொத்த எடையில் 5 அல்லது 6 சதவீதம்தான் ஹைட்ரஜன். மீதி எல்லாம் சிலிண்டர். 430 கிலோவுக்கு ஏழரை டன் பக்கம் வந்துவிடும். அந்த விமானம் ஏற்றக்கூடிய ஆட்களும் பெட்டிகளும் சேர்ந்தே சுமார் ஏழரை டன்தான். கணக்கு அங்கேயே முடிந்துபோகிறது. காலி விமானம் போய்க் காலி விமானம் வரும்.

அதனால் திரவமாக்கத்தான் வேண்டும். திரவ ஹைட்ரஜன் கன மீட்டருக்கு 71 கிலோ, ஆக 430 கிலோவுக்கு 6 கன மீட்டர். அதே சக்தி ஜெட் எண்ணெயாக இருந்தால் ஒன்றரை கன மீட்டரில் இறக்கைக்குள் அடங்கிவிடும். ஹைட்ரஜனை இறக்கையில் வைக்க வழியில்லை. தட்டையான டேங்குக்கு மேற்பரப்பு அதிகம், மேற்பரப்பு வழியாகத்தான் வெப்பம் நுழையும். உருண்டையாகவோ உருளையாகவோ வால்பக்கம் வைக்க வேண்டும். பின்னிருக்கை வரிசைகள் சில போகும், விமானத்தின் எடைமையம் பின்னால் நகரும். இது வடிவமைப்பாளர் தலைவலி. அதையும் நீ சில்லறையில்தான் சேர்த்திருந்தாய்.

ஹைட்ரஜன் திரவமாகும் −253 டிகிரி என்ற எண்ணைப் பாடப்புத்தகத்தில் பார்த்திருப்பாய். அந்தக் குளிரில் ஒரு குழாய் மூட்டு என்ன பாடுபடும் என்று பார்த்தாயா? ஆக்சிஜன் −183இல் திரவமாகிறது, நைட்ரஜன் −196இல். நைட்ரஜன் −210இலும் ஆக்சிஜன் −219இலும் உறைந்து கட்டியாகிவிடும். அதாவது குழாய்க்குள் கொஞ்சம் காற்று தங்கியிருந்தாலும் அது உள்ளே கல்லாகி வால்வை அடைக்கும். உறைந்த ஆக்சிஜன் துணுக்குகள் ஹைட்ரஜனுக்குள் மிதப்பதைப் போல ஆபத்து வேறு இல்லை. சரவாக்கின் பிந்துலுவில் −162இல் எரிவாயுவைத் திரவமாக்கிக் கப்பலேற்றி நமக்குப் பழக்கம் உண்டே என்று கேட்காதே. அந்தக் குளிரில் காற்று காற்றாகவே இருக்கும். இது வேறு உலகம்.

விமான நிலையத்தில் நிரப்பும் வேலையைப் படிப்படியாகப் பார். இரு சுவர்களுக்கிடையே வெற்றிடம் வைத்த குழாயை விமானத்தில் மாட்டு. மாட்டுமுன் இரண்டு முகங்களையும் துடைத்து உலர்த்து. நம் ஊர்க் காற்றில் ஈரம் எப்போதும் உண்டு, ஒரு துளி நீர் மூட்டில் இருந்தால் அது பனித்துண்டாகி, மூட்டை அடைக்கும் வளையமான சீல் சரியாக உட்காராது. பிறகு உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்று. மலிவான நைட்ரஜனை வைத்து முடித்துவிட முடியாது, அதுவே உறைந்துவிடும். கடைசியாக ஓட்டும் வாயு விலை உயர்ந்த ஹீலியமாக இருக்க வேண்டும். அடுத்து குளிரவைத்தல். முதலில் விடும் திரவம் சூடான குழாயில் பட்டதும் கொதித்து வாயுவாகும், அதைத் திரும்பும் குழாய் வழியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். அவசரப்பட்டால் திரவமும் வாயுவும் கலந்து அடித்துக் குழாய் உதறும். குழாய் முழுக்கக் குளிர்ந்த பிறகுதான் உண்மையில் நிரப்பவே ஆரம்பிக்கிறாய். முடிந்ததும் இதே படிகள் தலைகீழாக: வடித்து, சூடாக்கி, ஹீலியம் ஓட்டி, கழற்று. மலிவுக்கட்டண விமானம் 25 நிமிடத்தில் பயணிகளை இறக்கி, ஏற்றி, கிளம்ப நினைக்கும். அந்த 25 நிமிடத்துக்குள் இதெல்லாம் நடக்க வேண்டும், ஒரு நாளைக்கு ஐந்தாறு முறை, இடிமழை நாட்களிலும்.

இதற்குள் அந்த சீலுக்கு என்ன ஆகிறது? அறை வெப்பத்திலிருந்து −253க்குப் போகும்போது ஸ்டீல் குழாய் மீட்டருக்கு 3 மில்லிமீட்டர் சுருங்கும். ரப்பர் கண்ணாடியாகிவிடும் என்பதால் டெஃப்லான் சீல் போடுகிறோம். டெஃப்லான் மீட்டருக்கு 20 மில்லிமீட்டர் கணக்கில் சுருங்கும், ஸ்டீலைப் போல ஏழு மடங்கு. காலையில் இறுக்கமாக உட்கார்ந்த சீல் குளிர்ந்ததும் தன் பள்ளத்துக்குள் தளர்ந்து ஆடும். இருப்பதிலேயே சிறிய மூலக்கூறுக்கு அந்த இடைவெளி ஒரு வாசல். அதனால் சீலுக்குள் ஒரு சுருள்வில்லை வைத்து, சுருங்கச் சுருங்க அது வெளியே தள்ளும்படி செய்கிறார்கள். அந்த வில்லும் நூற்றுக்கணக்கான முறை மாட்டிக் கழற்றினால் களைத்துப்போகும். எத்தனையாவது தடவையில் மாற்றுவது? அதில் கொஞ்சம் மணல் ஒட்டினால்? இதுதான் மகளே, சில்லறை.

2022 செப்டம்பர் 3ஆம் தேதி நாசாவின் ஆர்ட்டெமிஸ் 1 ராக்கெட் கிளம்பாமல் நின்றது எதனால்? எஞ்சினால் இல்லை. திரவ ஹைட்ரஜன் குழாய் ராக்கெட்டோடு சேரும் கழற்று மூட்டில் கசிவு. கடைசியில் நவம்பர் 16இல் கிளம்பியபோதும், அதற்குச் சில மணி நேரம் முன்பு ஒரு ஹைட்ரஜன் வால்வு கசிந்து, மூன்று பேர் எரிபொருள் ஏற்றிய ராக்கெட்டின் அடிக்குப் போய் நட்டுகளை இறுக்கிவிட்டு வந்தார்கள். பல பத்தாண்டுகளாக ஹைட்ரஜனைக் கையாண்டவர்களின் கதை இது. பெரிய படிப்புப் படித்த ஆயிரம் பேர் திரையைப் பார்த்துக்கொண்டிருக்க, ஸ்பேனர் பிடித்த மூன்று பேர்தான் அதைப் பறக்கவிட்டார்கள்.

கசிவைக் கண்டுபிடிப்பதும் லேசில்லை. சமையல் எரிவாயுவில் கலப்பது போல நாற்றப்பொருள் கலக்க முடியாது, அது இந்தக் குளிரில் உறைந்து தனியே நின்றுவிடும். பற்றிக்கொண்டால் தீயும் பகலில் கண்ணுக்குத் தெரியாது. முன்பு ராக்கெட் தளங்களில் விளக்கமாற்றை முன்னால் நீட்டிப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். நுனி பற்றினால் அங்கே தீ இருக்கிறது என்று அர்த்தம். நம் வீட்டு லிடி (தென்னை ஈர்க்கு) விளக்கமாறு மாதிரி ஒன்றுதான். இப்போது புற ஊதாக் கதிரைப் பிடிக்கும் உணரிகளும் வெப்பக் கேமராக்களும் வந்துவிட்டன, சரி. அவற்றை எங்கே, எந்த உயரத்தில், எத்தனை மாட்டுவது என்று சொல்ல ஆள் வேண்டுமே.

இன்னொன்று. உறை சரியில்லாத குழாய் மீது காற்றே திரவமாகிச் சொட்டும். ஆக்சிஜன் முதலில் திரவமாவதால் அந்தச் சொட்டில் ஆக்சிஜன் செறிவு அதிகம். அது தாரின் மேல் விழுந்து ஊறினால், மேலே ஒரு ஸ்பேனர் விழும் அதிர்ச்சி போதும். விமானம் நிற்கும் தளம் கான்கிரீட் என்று சொல்வாய். கான்கிரீட் பலகைகளுக்கிடையே உள்ள இடைவெளியை எதை ஊற்றி அடைத்திருக்கிறார்கள் என்று போய்ப் பார்.

ஏர்பஸ் தள்ளிப்போட்டதை நீ தோல்வி என்று படித்தாய். 2025 பிப்ரவரியில் அவர்கள் சொன்ன காரணத்தை இன்னொரு முறை படி: ஹைட்ரஜன் உற்பத்தியும் விநியோகமும் நினைத்த வேகத்தில் வளரவில்லை. அதாவது தரை வேலை. அமெரிக்காவில் யுனிவர்சல் ஹைட்ரஜன் என்ற நிறுவனம், ஹைட்ரஜனைப் பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்து விமானத்தில் மாற்றி மாட்டினால் விமான நிலையத்தில் குழாயே வேண்டாம் என்று யோசித்தது. 2023 மார்ச்சில் ஒரு டாஷ் 8ஐப் பறக்கவும் விட்டது. அடுத்த ஆண்டே பணமில்லாமல் மூடிவிட்டார்கள். அந்த யோசனை செத்ததில் எனக்கு இன்னும் வருத்தம்.

‘டெக்னீஷியன்கள் பார்த்துக்கொள்வார்கள்’ என்றாயே, எந்த டெக்னீஷியன்கள்? கையில் பட்டம் இருப்பவர் யோசிப்பார், கையில் கருவி இருப்பவர் செய்வார் என்று நம் வீடுகளில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து வைத்திருக்கிறோம். பொலிடெக்னிக் போன பிள்ளையைப் பற்றிக் கல்யாண வீட்டில் பேசும்போது குரலைத் தாழ்த்துகிறோம். இந்த வேலையில் அந்தக் கோடு கிடையாது. பாலத்துக்கு அந்தப் பக்கம் பாயான் லெப்பாஸ் சில்லு ஆலைகளில் தூய வாயு போகும் 316எல் ரக ஸ்டீல் குழாய்களைச் சுற்றுமுனை இயந்திரத்தால் வெல்டிங் செய்து, ஹீலியம் விட்டுக் கசிவு பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். ஹைட்ரஜன் விமான நிலையத்துக்கு நாளைக்கே வேண்டிய கைகள் அவை. உன் வீட்டிலிருந்து அரை மணி நேரத் தூரத்தில் இருக்கின்றன. அவர்களிடம் போய் நின்று கற்றுக்கொள். ‘மிஸ், அந்தப் பக்கம் போகாதீங்க’ என்பார்கள். போ.

ஹைட்ரஜன் எங்கிருந்து வரும் என்பதையும் நீ கேட்கவில்லை. ஒரு கிலோவை மின்னாற்பகுப்பில் எடுக்க சுமார் 55 யூனிட் மின்சாரம், திரவமாக்க இன்னும் 11. நம் பினாங்குப் பயணத்தின் 215 கிலோவுக்கு 14,000 யூனிட்டுக்கு மேல். நிலக்கரியிலும் எரிவாயுவிலும் ஓடும் தீபகற்ப மின்சாரத்தில் யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு என்றால் 10 டன் வந்துவிடும். 600 கிலோ ஜெட் எண்ணெயை நேரடியாக எரித்தால் 1.9 டன்தான். புகைக்குழாயை விமானத்திலிருந்து கழற்றி மின்நிலையத்தில் மாட்டியதைத் தவிர வேறு என்ன செய்தோம்? சரவாக்கில் பக்குன் போன்ற நீர்மின்சாரம் இருக்கிற இடத்தில் இந்தக் கணக்கே மாறும். அங்கே செய்து கடல் தாண்டி இங்கே கொண்டுவர, மறுபடி டேங்க், குழாய், மூட்டு.

சமையல் எண்ணெய் வழி இன்றைக்குக் கைக்கெட்டியது. மாமாக் (இந்திய முஸ்லிம்) சாப்பாட்டுக் கடைச் சட்டியில் மிஞ்சுவது எவ்வளவு என்று யோசி. மானியப் பொட்டல எண்ணெய் கிலோ 2.50 ரிங்கிட்டுக்குக் கிடைக்கும்போது, பழைய எண்ணெய்க்கு அதைவிட விலை வந்தால் புதிய எண்ணெய் எப்படிப் ‘பழையது’ ஆகும் என்றும் யோசி. அதற்கு மேல் அதில் எனக்கு ஆர்வம் இல்லை.

ஹைட்ரஜனை எரிக்காமல், காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்த்து மின்சாரம் எடுக்கும் எரிபொருள் மின்கலத்தை நீ மறந்தே போனாய். அதில் 2 மெகாவாட் மின்சாரம் எடுத்தால் கிட்டத்தட்ட 2 மெகாவாட் வெப்பமும் வரும், அதுவும் 80 டிகிரியில். 15 டிகிரி ஐரோப்பியக் காலையில் அந்த வெப்பத்தைத் தள்ள 65 டிகிரி வித்தியாசம் கிடைக்கும். சுபாங்கில் மத்தியானம் 33 டிகிரியில் 47தான். ரேடியேட்டர் அந்த அளவுக்குப் பெரிதாகும், எடையும் காற்றுத்தடையும் கூடும். மேலெழும்போது வெப்பம் உச்சம், விமானத்தின் வேகம் குறைவு. வெப்ப மண்டலத்துக்கென்று இதை நாம்தான் கணக்குப் போட வேண்டும்.

உன் ஆய்வுக்கு எரியறை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எடுக்குமுன் ஒன்று மட்டும் செய். ஆய்வகப் பொறுப்பாளரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, காற்றோட்டமான இடத்தில், முகக்கவசமும் கையுறையும் போட்டு, அலுமினியத் தாளைக் கூம்பாகச் சுருட்டி ஸ்டாண்டில் நிறுத்தி அதில் கொஞ்சம் திரவ நைட்ரஜன் ஊற்று. ஒரு லிட்டர் கிட்டத்தட்ட 700 லிட்டர் வாயுவாகும், அதனால் கதவு திறந்திருக்கட்டும். முதலில் வெளிப்பக்கம் வெள்ளைப் பனி பிடிக்கும். கொஞ்சம் பொறு. நுனியில் ஒரு சொட்டு திரளும், நீர் என்று நினைப்பாய். அது தரையில் பட்டதும் ஈரமே இல்லாமல் மறையும். பொறுப்பாளர் ஒரு தணல் குச்சியை இடுக்கியில் பிடித்து அந்தச் சொட்டுக்குக் கீழே காட்டட்டும், நீ தள்ளி நின்று பார். குச்சி பளிச்சென்று எரிவதைப் பார்த்த பிறகு எனக்கு மறுபடி எழுது.