23 பில்லியன் வெள்ளியும் ஒரு தொட்டி ஐஸ் தண்ணீரும்

வணக்கம்.

என் மகன் இன்னும் இரண்டு மாதத்தில் தேசிய சேவைக்கு (கட்டாய ராணுவச் சேவை) போகிறான். 2025 நிதியாண்டில் சிங்கப்பூர் தற்காப்புக்கு ஒதுக்கியது 23.4 பில்லியன் வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்று படித்தேன். சண்டை எதுவும் இல்லாத நாடு. ஆனாலும் பயிற்சியில் பிள்ளைகள் இறந்துபோகிறார்கள். 2019இல் நியூசிலாந்தில் அந்த நடிகர் தம்பி இறந்த செய்தி இன்னும் நெஞ்சை விட்டுப் போகவில்லை. இத்தனை பணம் வைத்திருக்கிற படையால் ஒரு பிள்ளையைப் பத்திரமாக வீட்டுக்கு அனுப்ப முடியாதா? ஆயுதம் வாங்குவதைப் பாதியாகக் குறைத்தால் விபத்தும் பாதியாகுமா?

ஒரு தாய், ஈசூன்

*

அன்புள்ள அம்மாவுக்கு,

ஆகாது. செலவைப் பாதியாக்கினால் விபத்து கூடத்தான் வாய்ப்பு அதிகம். தற்காப்புப் பட்ஜெட்டில் பெரிய பங்கு பல வருடத் தவணையில் ஏற்கெனவே கையெழுத்தானது. 20 எஃப்-35 போர் விமானங்கள், நான்கு நீர்மூழ்கிகள் என்று ஒப்பந்தம் போட்டுவிட்டால், நடுவில் நிறுத்தினாலும் பணம் முழுதாகத் திரும்பாது. அதனால் நிதியமைச்சு கத்திரியை எடுக்கும்போது அது விழும் இடம் வேறு: உதிரி பாகம், பராமரிப்பு நேரம், விமானி பறக்கும் மணிக்கணக்கு, ஒரு பயிற்றுநருக்கு எத்தனை வீரர் என்ற விகிதம். உயிரைக் காப்பவை பெரும்பாலும் இந்தச் சில்லறைக் கணக்குகள்தான்.

பணம் கொட்டினால் போதும் என்றும் சொல்ல முடியவில்லை. 2013 முதல் 2016 வரை சிங்கப்பூர் ஆயுதப் படையில் பயிற்சி மரணம் ஒன்றுகூட இல்லை. 2017 செப்டம்பருக்கும் 2019 ஜனவரிக்கும் இடையில் நான்கு. இந்த இரண்டு காலத்துக்கும் நடுவே பட்ஜெட் குறையவில்லை, ஏறத்தான் செய்தது. அந்த நான்கையும் வரிசையாக வைத்துப் பார்த்தால், விலை உயர்ந்த பாகம் பழுதானதால் போன உயிர் அதில் இல்லை.

2018 நவம்பரில் ஜாலான் மூராயில் நடந்ததைப் பாருங்கள். பயோனிக்ஸ் கவச வாகனம் பின்னோக்கி வந்து லேண்ட் ரோவர்மீது ஏறியது. இரண்டுக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளி 30 மீட்டர். அன்று அது இல்லை. சங்கிலிச் சக்கர வண்டியின் ஓட்டுநர் முன்பக்கத்தில் தாழ உட்கார்ந்திருப்பார், பின்னால் என்ன இருக்கிறது என்பது அவர் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. மேலே நிற்பவரின் கண்ணையும் ஹெட்செட்டில் வரும் குரலையும் நம்பித்தான் பின்னெடுக்கிறார். இன்ஜின் இரைச்சலில் அந்தக் குரல் ஒரு நொடி தவறினால், மிச்சமிருப்பது அந்த 30 மீட்டர் மட்டுமே. அந்த இடைவெளிக்கு விலை கிடையாது.

அதே ஆண்டு ஏப்ரலில் பிடோக் முகாமில் 8 கிலோமீட்டர் விரைவு நடை முடித்த ஓர் இளைஞர் வெப்பத்தாக்கத்தில் விழுந்து, 12 நாள் கழித்து இறந்தார். உங்கள் மகனுக்கு நேரடியாகப் பொருந்துவது என்பதால் இதை விரிவாகவே சொல்கிறேன்.

நம் ஊரில் வெயிலை டிகிரியை வைத்து அளந்தால் ஏமாந்துபோவோம். ராணுவங்கள் அளப்பது ஈரக்குமிழ் குறியீடு. ஈரத்துணி சுற்றிய வெப்பமானியின் அளவில் 0.7 பங்கு, கறுப்புக் கோளத்துக்குள் வைத்த வெப்பமானியில் 0.2, சாதாரண நிழல் வெப்பத்தில் 0.1. போட்டுப் பாருங்கள். சிங்கப்பூரில் ஒரு காலை: நிழலில் 32, ஈரத்துணியில் 27, கோளத்தில் 42. கூட்டினால் 30.5. வறண்ட பாலைவன ஊர் ஒன்று: நிழலில் 40, ஈரத்துணியில் 22, கோளத்தில் 52. கூட்டினால் 29.8. எட்டு டிகிரி கூடுதலாகச் சூடான ஊரைவிட நம் ஊர் உடம்புக்குக் கொடுமையானது. காற்றில் ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வை வழிகிறதே தவிர காய்வதில்லை. காயாத வியர்வை குளிர்விக்காது.

விழுந்த பிறகு கையில் இருப்பது ஏறக்குறைய அரை மணி நேரம். உடலின் உள்வெப்பம் 40ஐத் தாண்டி, பேச்சும் புத்தியும் தடுமாறினால் அது வெப்பத்தாக்கம். அப்போது ஆம்புலன்ஸ் இரண்டாவது வேலை, குளிர்விப்பதுதான் முதல் வேலை. சீருடையையும் பூட்ஸையும் கழற்றி, கழுத்துவரை ஐஸ் தண்ணீரில் இறக்க வேண்டும். தண்ணீரைக் கையால் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் உடம்பை ஒட்டி ஒரு வெதுவெதுப்பான அடுக்கு தங்கிவிடும். வெப்பம் 39 அளவுக்கு இறங்கியதும் வெளியே எடுக்க வேண்டும். அக்குளில் வைக்கும் வெப்பமானி இங்கே பொய் சொல்லும், ஆசனவாய் அளவைத்தான் நம்பலாம்.

எங்கே தவறுகிறது? தடுமாறுகிற பிள்ளை "ஓகே சார்" என்கிறான். நிழலில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்துப் பத்து நிமிடம் பார்ப்போம் என்று யாரோ முடிவெடுக்கிறார். பிடோக் சம்பவத்தை விசாரித்த குழு சொன்னதும் இதுதான்: அந்த இடத்தில் போதிய அளவு குளிர்விக்கவில்லை, மருத்துவ நிலையத்துக்குக் கொண்டுபோனதில் தாமதம். அதற்குப் பிறகு நடைப்பயிற்சிகளில் முழங்கைவரை கையை நனைத்துக்கொள்ளக் குளிர்ந்த நீர்த் தொட்டிகள் வந்தன. ஒரு தொட்டி, சில மூட்டை ஐஸ். எஃப்-35 வாங்கும் நாட்டில் 2018 வரை காத்திருக்க வேண்டிய சாமானா அது என்று நீங்கள் கேட்டால், என்னிடம் பதில் இல்லை.

இனி நீங்கள் குறிப்பிட்ட அந்த நடிகரின் மரணம். நடந்தது நியூசிலாந்தின் வையோரு பயிற்சித் திடலில், பிரைமஸ் ஒன்றின் உள்ளே. பிரைமஸ் என்பது தானே ஓடும் 155 மி.மீ. பீரங்கி, எடை சுமார் 28 டன், இயக்குபவர்கள் நால்வர். உள்ளே இடம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. கிணற்று ஏற்றத்தை நினைத்துக்கொள்ளுங்கள்: ஒரு முனை இறங்கினால் மறுமுனை ஏறும். வெளியே குழலின் வாய் இறங்கும்போது உள்ளே அதன் பின்புறம் எழும். வெளியிலிருந்து பார்ப்பவருக்குச் சாதுவான அசைவு. உள்ளே இருப்பவருக்கோ நகரும் இரும்புச் சுவர்.

2019 ஜனவரி 19 அன்று அந்தக் கூண்டுக்குள் இருந்தவர்கள் பீரங்கிக் குழுத் தளபதியும் பழுதுபார்க்க வந்த இரண்டு தொழில்நுட்பர்களும். இறந்தவர் அந்தத் தொழில்நுட்பர்களில் ஒருவர், ஆண்டுக்கு ஒருமுறை அழைக்கப்படும் போர்க்காலப் படைவீரர். குழலை அசைக்கும் முன் எல்லாரும் அவரவர் பாதுகாப்பான இடத்தில் நிற்க வேண்டும். குழல் தன்னைத் தொடாது என்று அவர் கணித்தார். அவர் நகர்ந்தாரா என்று உறுதிசெய்யாமலே குழல் அசைந்தது. சிக்கியதைக் கண்டதும் பதற்றத்தில் கையால் தடுக்கப் பார்த்தார்கள். அவசர நிறுத்தப் பொத்தான் அழுத்தப்பட்டபோது நேரம் கடந்துவிட்டது. மே மாதம் நாடாளுமன்றத்தில் அப்போதைய தற்காப்பு அமைச்சர் இங் எங் ஹென் விவரித்த விசாரணைக் குழு முடிவின் சாரம் இது.

மூன்று பேரும் விதியை மீறினார்கள் என்பது உண்மை. அதோடு நிறுத்திக்கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை. ஆலையில் இயந்திரம் பழுதுபார்ப்பவர் மின்சாரத்தைத் துண்டித்து, பூட்டுப் போட்டு, சாவியைத் தன் பையில் வைத்துக்கொள்வார். பீரங்கியில் பல சோதனைகளுக்கு மின்சாரம் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், குழல் அசையவும் வேண்டும். அங்கே சாவிக்குப் பதிலாக இருப்பது வாய்வார்த்தை. குழலின் பாதை குழுவுக்கு அத்துப்படி, பாகங்கள் தொழில்நுட்பருக்கு அத்துப்படி. இரண்டு விதமான பழக்கம் ஒரே கூண்டுக்குள். போர்க்காலப் படைவீரரை ஆண்டுக்கு அதிகபட்சம் 40 நாள்தான் அழைக்க முடியும். மிச்ச நாளெல்லாம் அவர் கடை வைத்திருக்கிறார், கணக்கு எழுதுகிறார், நாடகத்தில் நடிக்கிறார். கை மறந்துபோவதில் வியப்பில்லை. நவீன ஆயுதம் வாங்கும் ஒவ்வொரு சிறிய நாடும், ஆளைக் குறைத்து இயந்திரத்தைக் கூட்டும்போது, இந்த 40 நாளுக்குள் எவ்வளவைத் திணிக்க முடியும் என்று கேட்டாக வேண்டும். அந்த மரணத்துக்குப் பிறகு படை பயிற்சியின் வேகத்தைக் குறைத்தது, பாதுகாப்பைக் கண்காணிக்கத் தலைமை ஆய்வாளர் அலுவலகம் ஒன்றையும் அமைத்தது. இரண்டில் எனக்கு முதலாவதில்தான் நம்பிக்கை அதிகம்.

நியூசிலாந்துக்கு ஏன் போக வேண்டும்? 155 மி.மீ. குண்டு 20 கிலோமீட்டருக்கு மேல் பாயும். தீவு வடக்கு தெற்காக அதைவிடச் சற்றுதான் பெரிது, எங்கே சுட்டாலும் யார் வீட்டிலாவது விழும். அதனால்தான் வையோரு, ஆஸ்திரேலியாவின் ஷோல்வாட்டர் பே. 

நான் சொன்னதற்கு மாறான சம்பவமும் உண்டு, மறைக்கக் கூடாது. அதே வையோருவில் 1997 மார்ச் 9 அன்று ஏற்றிய குண்டு குழலுக்குள்ளேயே வெடித்து இருவர் இறந்தனர், 12 பேர் காயமடைந்தனர். தப்பு குண்டின் மூக்கில் திருகும், அதை வெடிக்கவைக்கும் ஃபியூஸில் இருந்தது. கைமாறிக் கைமாறி வாங்கிய சரக்கு. பிறகு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது நூற்றில் ஒன்றுக்கும் மேல் ஆபத்தான குறையுடன் இருந்தன. நூற்றில் ஒன்று என்றால் சின்னதாகத் தோன்றும், ஒரு நாளில் நூற்றுக்கணக்கில் சுடும் பீரங்கிப் படைக்கு அது சின்னதல்ல. வாங்கும் இடத்தில் ஒரு சோதனையைக் கூடுதலாக வைத்திருந்தால் தடுத்திருக்கலாம். அங்கே பணம் செலவழிக்கத்தான் வேண்டும்.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் தெரிந்துகொள்ள வேண்டியது. 2012இல் மூராய் நகர்ப்புறப் பயிற்சியில் இரண்டுக்கு மேல் எறியக் கூடாத புகைக்குண்டுகள் ஆறு எறியப்பட்டன. துத்தநாகக் குளோரைடு புகை. ஒருவர் இறந்தார். குடும்பம் தொடுத்த வழக்கை 2016இல் உயர்நீதிமன்றம் தள்ளியது. சேவையின்போது நேர்ந்த மரணம் என்று சான்று கிடைத்தால் அரசின்மீது இழப்பீட்டு வழக்கு செல்லாது என்கிறது அரசாங்க வழக்குகள் சட்டத்தின் 14ஆம் பிரிவு. ஓய்வூதிய விதிகளின்படி பணம் கிடைக்கும். ஆனால் சாட்சிகளை நீதிமன்றத்தில் நிறுத்திக் குறுக்குக் கேள்வி கேட்கும் வழி குடும்பத்துக்கு அடைபடுகிறது. என் குறை பட்ஜெட்டைவிட இந்தப் பிரிவின்மீதுதான்.

உங்கள் மகனிடம் இதைச் சொல்லுங்கள். முந்தின இரவு சரியாகத் தூங்கவில்லை, காய்ச்சல் விட்டு இரண்டு நாள்தான் ஆகிறது, வயிற்றுப்போக்கு, தூக்கம் வரவைக்கும் சளி மாத்திரை போட்டிருக்கிறான்: இவற்றில் எது இருந்தாலும் நடை தொடங்கும் முன் வாய் திறந்து சொல்ல வேண்டும். அந்த மாத்திரைகளில் பல வியர்வையைக் குறைப்பவை. கூட இருப்பவர்கள் 'சாவ் கெங்' என்று கேலி செய்வார்கள், நடிக்கிறான் என்று அர்த்தம். முகாமில் அந்தச் சொல்லுக்குப் பயந்து வாயை மூடிக்கொள்ளும் பிள்ளைகள் நிறையப் பேர். பக்கத்தில் நடப்பவன் உளறினாலோ கோணலாக நடந்தாலோ, அவன் என்ன சொன்னாலும் கேட்காமல் பயிற்றுநரைக் கூப்பிடச் சொல்லுங்கள்.