கரைவலைக்கு எதற்குக் கடிகாரம்?

கேள்வி: அக்கா, நான் திருகோணமலையில் படிக்கும் மாணவி. கேம் செய்யும் மென்பொருளான கொடோவில் ஒரு சின்ன போன் கேம் செய்கிறேன். விரலால் கரைவலைக் கயிற்றை இழுக்க இழுக்க, மீன் சேரும் வலைப்பையான மடி கரைக்கு வரும், மீன் துள்ளும். தோல்வியே கிடையாது. இரண்டு நிமிடத்தில் அலுக்கிறது, நேரமும் புள்ளியும் வை என்கிறார்கள் சிநேகிதிகள். வைக்கட்டுமா? தமிழ் எழுத்துகளும் உடைந்து தெரிகின்றன.
- வாசகி, உப்புவெளி

பதில்: வைக்க வேண்டாம், தங்கச்சி.

போன வருடம் அம்மாவுக்குத் துணையாக 9 இரவுகள் ஆஸ்பத்திரியில் இருந்தேன். நித்திரை வரவில்லை. மனதை ஆற்றும் என்று போட்டிருந்த ஒரு கேமை இறக்கினேன். ஆடத் தொடங்கியதுமே மேலே கடிகாரம் ஓடியது. உயிர் தீர்ந்தால் காத்திருக்க வேண்டும். விடியப்புறம் 3 மணிக்கு ‘உயிர் நிரம்பிவிட்டது’ என்று போன் கத்த, பக்கத்துக் கட்டில் ஆச்சி திடுக்கிட்டு எழும்பினார். அப்போதே அழித்துவிட்டேன். அந்த இரவுகளில் உங்கள் கரைவலை என் கையில் இருந்திருந்தால் எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும்!

ஆனால் சிநேகிதிகளின் அலுப்பும் உண்மைதான். எப்போதும் ஒரே மாதிரி இழுத்தால் கை பழகிக்கொள்ள அதில் ஒன்றும் இல்லை. விடிய எழும்பிக் கரைக்குப் போய், வலை இழுப்பவர்களின் கால்களைப் பாருங்கள். அலை கரைக்கு ஏறும்போது சேர்ந்து இழுப்பார்கள், அது திரும்பும்போது மணலில் காலை ஊன்றிப் பிடித்து நிற்பார்கள். அதையே கேமில் கொண்டுவாருங்கள். அலையோடு இழுத்தால் கயிறு லேசாக வரட்டும். தவறினால் மெதுவாக வரட்டும், அறுந்துபோக வேண்டாம். வலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டைக் கேட்டே அலை பிடிக்கலாம் என்றால் இன்னும் நல்லது. பாடுபவர்களிடம் கேட்டுவிட்டுப் பதிவு செய்யுங்கள். அப்புறம், ஒவ்வொரு இழுப்பும் தானாகவே சேமிக்கப்பட வேண்டும். நர்ஸ் கூப்பிட்டால் போனை மூடிவிட்டு எழும்ப முடிய வேண்டுமே.

படங்களுக்கு அவசரமில்லை. 1980களில் அலெக்ஸி பஜித்னோவ், விழும் கட்டைகளை அடுக்கும் டெட்ரிஸ் கேமை முதலில் செய்த எலெக்ட்ரோனிகா 60 கணினியில் படம் வரையும் வசதியே இல்லை. கட்டைகளை அடைப்புக்குறிகளால்தான் காட்டினார். முதலில் கயிறு கைக்குப் பிடிக்கட்டும்.

எழுத்து உடைவதற்குக் காரணம் பெரும்பாலும் பழைய கொடோ 3ஆக இருக்கும். 2023இல் வந்த கொடோ 4இல்தான் நம் கொம்பும் காலும் சரியான இடத்தில் சேர்கின்றன. அதற்கு மாறி, தமிழ் எழுத்துரு ஒன்றையும் சேர்த்து, ‘கோணேசர்’ என்று எழுதிப் பாருங்கள்.

வெளியிட கூகுள் பிளேயில் ஒரே தடவை 25 டொலர் கட்ட வேண்டும். புதிதாகத் தனிநபர் கணக்குத் திறப்பவர்கள் 12 பேரைச் சேர்த்து, தொடர்ந்து 14 நாள் சோதித்துக் காட்டவும் வேண்டும். அந்தப் 12 பேரில் உண்மையாக வலை இழுக்கும் ஒருவராவது இருக்கட்டும். அவர் விரல் எங்கே தடுமாறுகிறது என்று பக்கத்தில் இருந்து பாருங்கள். ஓர் இடம் எனக்கு.