பிராய்லர் பண்ணையாளர்கள் எதைப் பகிர்ந்துகொள்ள வேண்டும்?

கேள்வி: அருகருகே பிராய்லர் பண்ணை நடத்தும் நாங்கள் ஆறு பேர், ஒரே பொரிப்பகத்தின் குஞ்சுகளையும் ஒரே தீவனத்தையும் வாங்குகிறோம். ஆனாலும் எடையும் இறப்பும் பண்ணைக்குப் பண்ணை மாறுகின்றன. அடிக்கடி கூடிப் பேசியும் பலன் தெரியவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: குஞ்சும் தீவனமும் ஒன்றாக இருப்பது உங்களுக்கு வாய்த்த பெரிய வசதி. வேறுபாட்டுக்கான காரணத்தைப் பெரும்பாலும் வளர்ப்பு முறையிலேயே தேடிவிடலாம். ஆனால் அதற்கு ஆறு பேரின் கணக்கும் ஒரே முறையில் எழுதப்பட்டிருக்க வேண்டும். பல குழுக்கள் தடுமாறுவது இங்கேதான்.

ஒருவர் 35 நாளில் 2 கிலோ சராசரி எடையில், 1.6 என்ற தீவன மாற்று விகிதத்தில் (ஒரு கிலோ எடை கூடுவதற்குத் தின்ற தீவனம் எத்தனை கிலோ என்பது; குறைவாக இருப்பதே நல்லது) விற்கிறார். மற்றொருவர் 42 நாளில் 2.6 கிலோவில், 1.7 என்ற விகிதத்தில் விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். விகிதத்தை மட்டும் பார்த்தால் முதலாமவரே சிறந்தவராகத் தெரிவார். ஆனால் வயது கூடக் கூட இந்த விகிதம் இயல்பாகவே உயரும். ஆகவே, பிழைத்த கோழிகளின் சதவீதத்தைச் சராசரி எடையாலும் 100ஆலும் பெருக்கி, அதை வயதையும் தீவன மாற்று விகிதத்தையும் பெருக்கி வரும் எண்ணால் வகுத்து, அந்தக் குறியீட்டை ஒப்பிடுங்கள். இருவரிடமும் 95 சதவீதம் பிழைத்திருந்தால் முதலாமவருக்கு 339, இரண்டாமவருக்கு 346 வரும். குறியீடு கூடுதலாக இருப்பதே நல்லது என்பதால் இரண்டாமவரே முந்துகிறார். மீந்த தீவனத்தையும் இறந்த கோழிகளின் எடையையும் எப்படிக் கணக்கில் கொள்வது என்பதை முன்கூட்டியே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.

விற்பனைக்குப் பிறகு பேசுவதைவிட முதல் வாரத்தில் பேசுவதே அதிகம் உதவும் என்பது என் உறுதியான கருத்து. குஞ்சு இறங்கிய 24 மணி நேரத்தில் நூறு குஞ்சுகளின் தீனிப்பையை (கழுத்தடியில் தின்ற தீனி தங்கும் பை) விரலால் தொட்டுப் பாருங்கள். 95 குஞ்சுகளிலாவது அது நிறைந்து மெத்தென்று இருக்க வேண்டும். கெட்டியாக இருந்தால் குஞ்சு தின்றிருக்கிறது, போதிய தண்ணீர் குடிக்கவில்லை என்று பொருள். ஏழாம் நாள் எடை, வந்திறங்கிய எடையைப் போல் நான்கு மடங்குக்குக் குறையாமல் இருக்க வேண்டும். இவ்விரண்டு எண்களும் ஒரு பண்ணையில் மட்டும் குறைந்தால், அங்கே வெப்பமானி எந்த உயரத்தில் தொங்குகிறது என்று முதலில் கேளுங்கள். தொடக்கத்தில் தேவைப்படும் 32 முதல் 34 டிகிரி செல்சியஸ் வெப்பம் குஞ்சின் முதுகு மட்டத்தில் இருக்க வேண்டும். இடுப்பு உயரத்தில் அளந்தால் தரையின் குளிர் தெரியாது.

மருந்தின் பெயரைப் பரிமாறிக்கொள்வதை மட்டும் அறவே தவிருங்கள். ஒரு பண்ணையில் பாக்டீரியா தொற்றுக்குக் கால்நடை மருத்துவர் எழுதிய நுண்ணுயிர்க்கொல்லி, பக்கத்துப் பண்ணையின் வைரஸ் நோய்க்குப் பயன்படாது. மருந்தை நிறுத்தி உரிய நாள்கள் கழியுமுன் விற்றால் இறைச்சியிலும் அது தங்கும்.

கூட்டத்தைப் பண்ணைக்கு வெளியே நடத்துங்கள். கொட்டகைக்குள் பார்க்க வேண்டியதைக் கைப்பேசிக் காணொளியில் காட்டினால் போதும். செருப்பும் கோழிக் கூண்டும் தீவனச் சாக்கும் நோயைச் சுமந்து செல்லும். எனவே இவற்றை இரவல் கொடுக்காதீர்கள்.

ஒரு கொட்டகையில் இறப்பு திடீரென உயர்ந்தால் அன்றே மற்ற ஐவருக்கும் சொல்லிவிடுவது என்று இப்போதே ஒப்புக்கொள்ளுங்கள். சொன்னவரைக் குறை கூறாதிருப்பதும் அந்த ஒப்பந்தத்தில் சேர வேண்டும். பழிக்கு அஞ்சி ஒருவர் இரண்டு நாள் மறைத்தால், அதற்குள் ஒரே வண்டி ஆறு பண்ணைகளுக்கும் போய் வந்திருக்கும். செய்தி வந்ததும் பொது வண்டிகளை நிறுத்தி, இறந்த கோழிகளைப் பரிசோதனைக்கு அனுப்பி, முடிவு தெரியும் வரை ஆட்கள் பண்ணை விட்டுப் பண்ணை செல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.