எந்தப் பாட்டோடு ஒப்பிடுவது?

கோடம்பாக்கத்தில் ஒலிப்பதிவாளராக இருந்து, இப்போது கோத்தகிரியில் சிறிய ஸ்டுடியோ நடத்துபவர் வாசகர்களுக்குப் பதில் சொல்கிறார்.

கேள்வி: படுக மொழியில் பாட்டு எழுதி வீட்டிலேயே லேப்டாப்பில் பதிவு செய்கிறேன். கித்தார், கீபோர்டில் வாசித்த பேஸ், ஒரு டிரம் லூப், என் குரல், அவ்வளவுதான். மிக்ஸ் செய்துவிட்டு (ஒலிகளை அளவாகக் கலந்துவிட்டு) சினிமாப் பாட்டோடு ஒப்பிட்டால் என் பாட்டு சோகையாகக் கேட்கிறது. எந்தப் பாட்டை ரெஃபரன்ஸாக, அதாவது ஒப்பிட்டுப் பார்க்கும் அளவுகோலாக, வைப்பது?
கல்லூரி மாணவர், கோத்தகிரி

தம்பி, முதலில் அந்த சினிமாப் பாட்டை ஓரமாக வையுங்கள். வயலின்களும் கோரஸும் அடுக்கடுக்காக நிரம்பிய பாட்டு அது. உங்களிடம் இருப்பது நான்கே ஒலிகள். நடுவில் இருக்கும் வெற்றிடத்தை எந்த ஈக்யூவாலும் (பேஸ், உச்ச ஒலிகளைக் கூட்டிக் குறைக்கும் கருவி) நிரப்ப முடியாது. நிரப்பவும் வேண்டாம், உங்கள் பாட்டின் அழகே அதுதான்.

உங்களைப் போலவே ஒரு ஆண்குரல், ஒரு கித்தார், அடக்கமான தாளம் என்று அமைந்த பாட்டைத் தேடுங்கள். மொழி எதுவானாலும் சரி. வேகம் ஏறக்குறைய ஒன்றாக இருக்கட்டும். மெதுவான பாட்டில் கிக் டிரம் நீண்டு ஒலிக்க இடம் உண்டு, வேகமான பாட்டில் கிடையாது. இதையெல்லாம் விட முக்கியம், அது நீங்கள் கேட்டுக் கேட்டுப் பழகிய பாட்டாக இருப்பது. பஸ்ஸில் எப்படிக் கேட்கும், கல்யாண வீட்டு ஸ்பீக்கரில் எப்படி, அக்காவின் போனில் எப்படி என்று யோசிக்காமலே சொல்லத் தெரிய வேண்டும். நேற்றுக் கண்டுபிடித்த பாட்டு எவ்வளவு அருமையாக இருந்தாலும் அளவுகோலாகாது.

அப்புறம், சோகைக்குப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. வெளியான பாட்டு மாஸ்டரிங், அதாவது வெளியிடும் முன் சத்தத்தையும் ஒலியையும் சரிசெய்யும் கடைசி வேலை, முடிந்து வந்தது. உங்கள் மிக்ஸை விட நிறைய சத்தமாக இருக்கும். சத்தம் கூடினால் பேஸும் உச்ச ஒலிகளும் காதுக்குக் கூடுதலாகத் தெரியும். ஃப்ளெட்சர், மன்சன் என்ற இருவர் 1933-லேயே இதை அளந்து காட்டிவிட்டார்கள். ஒரு டெசிபல் வித்தியாசம் இருந்தாலே காது சத்தமானதைத்தான் 'நல்லது' என்று நம்பும். அதனால் ரெஃபரன்ஸின் ஃபேடரை (சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் பட்டை) இறக்குங்கள். ஆறு, எட்டு டெசிபல் கூட இறக்க வேண்டி வரலாம். இரண்டு குரல்களும் ஒரே சத்தத்தில் கேட்கும்வரை இறக்கிவிட்டு, பிறகு ஒப்பிடுங்கள். பாதிச் சோகை அங்கேயே போய்விடும்.

ரெஃபரன்ஸைத் தனி ட்ராக்கில் போடும்போது அது உங்கள் மாஸ்டர் பஸ் (எல்லா ட்ராக்குகளும் கடைசியில் சேரும் பொதுப் பாதை) வழியாகப் போகக் கூடாது, நேராக அவுட்புட்டுக்குப் போக வேண்டும். இல்லாவிட்டால் சத்தம் ஓர் அளவைத் தாண்டாமல் தடுக்கும் உங்கள் லிமிட்டர் அதையும் நசுக்கும். ஃபைல் ஒலித்தரம் குறையாத வேவ் அல்லது ஃப்ளாக் வடிவத்தில் இருக்கட்டும். 128 கேபிபிஎஸ் எம்பி3-யில் சுமார் 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் பெரும்பாலும் வெட்டுப்பட்டிருக்கும். அதை வைத்து உங்கள் சிம்பலின் பளபளப்பை முடிவு செய்யாதீர்கள்.

ஒப்பிடும்போது பல்லவிக்குப் பல்லவி, சரணத்துக்குச் சரணம். ஒரு நேரத்தில் ஒரு கேள்வி மட்டும்: ஸ்னேர் டிரம்மை விடக் குரல் முன்னால் இருக்கிறதா? கிக்கும் பேஸும் ஒன்றையொன்று மறைக்கிறதா? எல்லாவற்றையும் சேர்த்துக் கேட்டால் கடைசியில் மனச்சோர்வுதான் மிஞ்சும்.

கேள்வி: நீலகிரிப் பழங்குடியினரான கோத்தர்களின் குழல், கொம்பு, மேளம் கொண்ட இசையை அவர்களோடு சேர்ந்து பதிவு செய்யத் திட்டமிட்டிருக்கிறோம். இதற்கு ரெஃபரன்ஸ் எங்கே கிடைக்கும்?
வாசகி, உதகை

கடையில் தேடாதீர்கள். திறந்த வெளியில் பதிவான நாகஸ்வரம்–தவில் கச்சேரி ஒன்றை, மேளத்தின் அடியொலி எவ்வளவு இருக்கலாம் என்ற ஒரு கேள்விக்கு மட்டும் பயன்படுத்தலாம். அதற்கு மேல் போனால் கோத்தர் மேளம் தவில் மாதிரி மாறிவிடும். அது அநியாயம்.

உங்களுக்கான ரெஃபரன்ஸை நீங்களே தயாரிக்க வேண்டும். வாத்தியங்களுக்குப் பக்கத்தில் மைக் வைக்கும் அதே வேளையில், ஊர்க்காரர்கள் நின்று கேட்கும் இடத்தில் இரண்டு மைக்கை வைத்து எதுவும் சேர்க்காமல் பதிவு செய்யுங்கள். வீட்டுக்கு வந்து மிக்ஸ் செய்யும்போது அந்த இரண்டு மைக் பதிவுதான் உங்கள் அளவுகோல். குழல் கூர்மையாகக் காதில் விழுகிறதென்றால் அது அப்படித்தான், மென்மையாக்கிவிடாதீர்கள். மிக்ஸ் முடிந்ததும் வாசித்தவர்களிடமே போட்டுக் காட்டுங்கள். சாமிக்கும் சாவுக்கும் வாசிப்பது வேறு வேறு. எதைப் பதிவு செய்யலாம், எதை வெளியிடலாம் என்று ஊர்ப் பெரியவர்களிடம் முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டுக்குத் தகரக் கூரை. ஐப்பசி, கார்த்திகை மழையில் மிக்ஸ் செய்யவே முடிவதில்லை. என்ன செய்ய?
வாசகர், கொடைக்கானல்

ரெஃபரன்ஸ் கைகொடுக்கும் இடம் இது. தகரத்து மழை உங்கள் பாட்டையும் ரெஃபரன்ஸையும் ஒரே மாதிரி மறைக்கிறது. குரல் எவ்வளவு மேலே, தாளம் எவ்வளவு கீழே என்பதை அந்தச் சத்தத்திலும் ஒப்பிட்டு முடிவு செய்யலாம். ஆனால் ரிவெர்பின் (எதிரொலிப்பின்) தேய்ந்து மறையும் வாலையும் 'ஸ', 'ஷ' ஒலிகளையும் மழை விழுங்கிவிடும், அவற்றைத் தொடாதீர்கள். மழை விட்டதும் பார்க்கலாம். காதை முழுக்க மூடும் ஹெட்ஃபோன் ஓரளவு உதவும். மழையை மிஞ்ச வால்யூமை ஏற்றிக்கொண்டே போகாதீர்கள், காது போனால் திரும்ப வராது.

கேள்வி: மாஸ்டரிங்கில் எத்தனை எல்யுஎஃப்எஸ் (பாட்டின் சராசரிச் சத்தத்தைக் காட்டும் அளவு) வைக்க வேண்டும்?
வாசகர், குன்னூர்

ஸ்பாட்டிஃபை சாதாரணமாக மைனஸ் 14-க்குச் சமன்படுத்துகிறது, ஆப்பிள் மியூசிக் சுமார் மைனஸ் 16-க்கு. மைனஸ் 8-ல் நசுக்கிக் கொடுத்தால் ஸ்பாட்டிஃபை ஆறு டெசிபல் இறக்கிவிடும். மேளத்தின் அடி செத்ததுதான் மிச்சம். அதற்காக 14-ஐப் பிடித்துத் தொங்கவும் வேண்டாம். ரெஃபரன்ஸ் பாட்டின் பல்லவியை மீட்டரில் அளந்து, அதே வகை அடர்த்தி உங்கள் பாட்டுக்குப் பொருந்துகிறதா என்று பாருங்கள். ட்ரூ பீக், அதாவது ஒலியின் உண்மையான உச்சம், மைனஸ் 1 டெசிபலைத் தாண்டாமல் இருக்கட்டும். பழைய பாட்டை ரெஃபரன்ஸாக எடுத்தால் அது முதலில் வந்த சிடியா, பின்னால் சத்தம் ஏற்றி வந்த ரீமாஸ்டரா என்று பார்த்து எடுங்கள். பெரும்பாலும் நான் முதல் சிடியைத்தான் எடுப்பேன்.