இனுயிட் கல் விளக்கு: புழங்கு பொருளா, கலைப்பொருளா?

"அருங்காட்சியகத்தில் இனுயிட் சிற்பங்களோடு ஒரு கல் விளக்கையும் வைத்திருக்கிறார்களே, அது எப்படிக் கலையாகும்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

வடதுருவத்தை ஒட்டிய ஆர்க்டிக் பகுதியின் பூர்வகுடிகளான இனுயிட் மக்களின் அந்த விளக்குக்குப் பெயர் குல்லிக். பிறை வடிவம். நம் கல்சட்டி செய்கிற மாக்கல் வகைதான்: எளிதாகச் செதுக்கலாம், சூடு தாங்கும், சூட்டைப் பிடித்தும் வைத்திருக்கும். குழியில் சீல் என்ற கடல் விலங்கின் கொழுப்பு உருகி எண்ணெயாக நிற்கும். நேரான விளிம்பு நெடுக ஆர்க்டிக் பஞ்சுப்புல்லையும் பாசியையும் திரியாக அடுக்குவார்கள். ஒரு சிறு கோலால் அதைத் தட்டித் தட்டிச் சமன் செய்துகொண்டே இருக்க வேண்டும். கொஞ்சம் அசந்தால் புகையும். இந்தப் பொறுப்பு பெரும்பாலும் பெண்களுடையது. வெளிச்சம், சமையல், ஈரத்துணி உலர்த்துவது, பனியை உருக்கிக் குடிநீராக்குவது எல்லாமே இதில்தான்.

புழங்கு பொருள் வேறு, கலை வேறு என்ற பிரிவினையே வெளிச் சந்தையோடு வந்தது என்பது என் எண்ணம். இனுயிட் சிற்பங்களை வெளியுலகுக்குக் கொண்டுவந்த கனடிய ஓவியர் ஜேம்ஸ் ஹூஸ்டன், 1948-இல் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் உள்ள இனுக்ஜுவாக் ஊருக்குப் போனார். 1949-இல் மொன்றியல் நகரில் நடந்த விற்பனையில் இனுயிட் சிற்பங்கள் சட்டென்று விற்றுத் தீர்ந்தன. பிறகு தெற்கே இருந்த வாடிக்கையாளர்களுக்காகச் சாம்பல் கிண்ணம்கூடச் செய்யச் சொன்னார்கள்! அவற்றைவிடக் குல்லிக்கின் அந்த ஒற்றை வளைவுதான் என் கண்ணுக்கு அழகு.

கனடாவின் வடக்கே, இனுயிட் மக்கள் பெரும்பான்மையாக வாழும் பகுதியாக 1999-இல் உருவான நூனவுட் ஆட்சிப்பகுதியின் அரசுச் சின்னத்திலும் குல்லிக் இருக்கிறது. இன்றும் அங்கே விழா தொடங்கும்போது மூத்த பெண்கள் அதை ஏற்றுகிறார்கள்.